ரூம்ல ஆள் இருக்கு

மகனே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் "நல்லாருக்கேன்பா" என்பாய். பிறந்ததிலிருந்து நீ நல்லாத்தான் இருக்கிறாய், அதுதான் என் பயம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். வாட்ஸப்பில் அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்றும், "டேக் கேர்பா" என்ற பதிலும் வரும் என்று தெரியும். அதனால் தாளில் எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய் கூரியரில் போடுவேன். கோயம்புத்தூருக்கு இரண்டு நாளில் சேர்ந்துவிடுமாம். நீ பெண்சாதி பிள்ளையோடு நியூசிலாந்துக்கு விமானம் ஏற இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. மீதிப் பத்து நாளில் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். செய்யமாட்டாய் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

போன வாரம் விடைபெற வந்து நான்கு நாள் தங்கினாய் அல்லவா, அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து தொடங்குகிறேன். ஒன்றாம் நம்பர் ரூமில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களும் நாமும் நீள மேசையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். ஜெசி உன்னிடம், "அப்பா, என் சைக்கிளும் பிளேன்ல வருமா?" என்று கேட்டாள். நீ போனைப் பார்த்தபடியே, "அத கீழ்வீட்டுப் பாப்பாவுக்குக் குடுத்தாச்சுடா. அங்க போய் வேற வாங்கிக்கலாம்" என்றாய். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்திருக்கிறாய். எட்டு வயதுப் பிள்ளை. அவளுக்கு முகம் சிவந்தது, வாய் திறந்தது. அப்போதுதான் எதிரே இருந்த மதுரைக்கார அம்மாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஓகேப்பா" என்றாள். அந்த அம்மா, "எம்புட்டு நல்ல பிள்ளை. எங்க வீட்டுலன்னா இந்நேரம் தட்டு பறந்திருக்கும்" என்றார். நீ பெருமையோடு என் பக்கம் திரும்பி, "எவ்ளோ மெச்சூர்டா எடுத்துக்கிட்டா பாத்தீங்களாப்பா" என்றாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதை இந்த வீட்டில் முதலில் பழக்கியவன் நான்.

எப்படிப் பழக்கினேன் என்று உனக்குத் தெரியும் என்று நினைக்கிறாய். உனக்கு நடந்ததுதான் தெரியும், நான் செய்தது தெரியாது. உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது ஓட்டல் வேலையை விட்டுவிட்டு இந்த வீட்டையே டூரிஸ்டுகளுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். வீட்டின் முன்பாதி மூன்று ரூமாயிற்று. நாம் நால்வரும் பின்பாதியில். சுவர் எழுப்பக் கையில் காசில்லை, பைன் பலகையை அடித்துத் தடுத்தேன். நாம் படுக்கும் அறைக்கும் ஒன்றாம் நம்பருக்கும் நடுவில் அந்தப் பலகைதான். அந்தப் பக்கம் ஒருவர் இருமினால் இந்தப் பக்கம் நமக்குத் தொண்டை கரகரக்கும். ஆகவே இந்தப் பக்கம் சத்தம் கூடாது. அதுதான் தொழில். பஸ் ஸ்டாண்டில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நாங்கள் இருபது பேர் நிற்போம், மலையேறி வரும் ஒவ்வொரு வண்டியையும் மொய்ப்போம். எல்லாரும் வெந்நீர் இருக்கிறது, டிவி இருக்கிறது என்பார்கள். நான் மட்டும் சொல்வேன்: "அமைதியான எடம் சார். நாங்க குடும்பமாத்தான் இருக்கோம். ரெண்டு சின்னப் பிள்ளைக இருக்கு, ஆனா சத்தமே கேக்காது. வந்து பாருங்க." வந்து பார்த்தார்கள். கேட்கவில்லை. உன் வாயையும் உன் அக்கா செலின் வாயையும் அடைத்து, அந்த மௌனத்தை நான் பஸ் ஸ்டாண்டில் கூவி விற்றேன்.

உனக்கு ஆறு வயது, செலினுக்கு ஒன்பது. கம்பளிக்குச் சண்டை. நீல ஓரம் வைத்த கம்பளி யாருக்கு என்பது இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருந்த வழக்கு. செலின் இழுத்தாள், நீ அலறினாய். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து உன் வாயைப் பொத்தினாள். "ஏலே, வாய மூடுலே. ரூம்ல ஆள் இருக்கு." அந்த ஒரு சொல்லைத்தான் அவள் அன்றிலிருந்து ஆயிரம் முறை சொன்னாள். யார் எடுத்தது, யார் அடித்தது, யாருக்கு வலித்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பளியைப் பிடுங்கி அலமாரிக்கு மேல் வைத்தோம். வழக்கு முடிந்தது. நீ அழுகையை அடக்க உன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாய், பல் பதிந்த தடம் மறுநாள் வரை இருந்தது. மறுநாள் ரூம் காலி செய்தவர்கள், "உங்க பசங்க இருக்கறதே தெரியல அண்ணே" என்று சொல்லி உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சாக்லேட் கொடுத்தார்கள். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. உன் மணிக்கட்டை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு ஏன் சத்தம் அவ்வளவு பயம் என்றும் சொல்லிவிடுகிறேன், இது சமாதானம் சொல்வதற்கல்ல. நான் பூம்பாறைக்காரன். எங்கள் பூண்டு வயல் மேல்தட்டில், பெரியப்பா வயல் கீழ்த்தட்டில். தண்ணீர் திருப்பும் நாளில் என் அம்மா மேலே நின்றும் பெரியம்மா கீழே நின்றும் கத்துவது மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். கேட்கக் கூசும் வார்த்தைகளும் வரும். ஒருமுறை அடிதடியாகி என் சித்தப்பாவுக்கு முன்பல் ஒன்று போயிற்று. அது ஒன்றும் சொர்க்கமில்லை. எனக்கு அது அசிங்கமாக இருந்தது, என் வீட்டில் இந்தக் கூச்சலே கூடாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டேன். யாருக்கு எதில் ஆத்திரம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கத்தித் தீர்த்தபின் பெரியம்மா மேலே ஏறி வந்து, "இப்ப சொல்லு, உனக்கு எத்தன நாழி தண்ணி வேணும்?" என்று கேட்பாள். பூண்டு ஊன்றும்போது இருவரும் ஒரே வரிசையில் குனிந்திருப்பார்கள். நான் அந்தக் கத்தலை மட்டும் கண்டேன், கேள்வியைக் காணவில்லை. இரண்டையும் சேர்த்தே தலைமுழுகிவிட்டுக் கொடைக்கானல் வந்துவிட்டேன்.

சண்டை போட வேறு வழி உண்டு என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. என் கண்ணெதிரிலேயே நடந்தது, நீயும் பார்த்தாய். உனக்குப் பத்து வயதிருக்கும். மூன்றாம் நம்பரில் நாகர்கோவில்காரர் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு தங்கியிருந்தார். பிள்ளைகள் இரண்டும் காலையிலேயே ஏதோ பைனாகுலருக்குக் கட்டிப் புரண்டு கத்தின. நான் போய்க் கதவைத் தட்டினேன். அவர், "ரெண்டு நிமிஷம் பொறுங்க அண்ணே, முடிச்சிருவாங்க" என்று சொல்லி இருவரையும் வெளிப்படியில் உட்கார வைத்தார். முதலில் பையன் சொன்னான். அவன் சொன்னதை அந்தப் பெண் திருப்பிச் சொல்ல வேண்டும், அவன் "ஆமா, அதான்" என்று ஒத்துக்கொள்ளும் வரை. பிறகு அவள் முறை. நடுவில் அழுகை, மூக்குறிஞ்சல், ஒரு முறை "அப்பா நீங்க எப்பவுமே இவ பக்கம்" என்ற குற்றச்சாட்டு. அந்த மனிதர், "சரி, நேத்து நான் அப்படித்தான் செஞ்சேன், அது என் தப்பு" என்று பிள்ளையிடம் ஒப்புக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, இரண்டும் ஒரே பைனாகுலரில் ஆளுக்கொரு கண்ணை வைத்துக்கொண்டிருந்தன. நீ சமையலறை ஜன்னலில் நின்று இதையெல்லாம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய்: "அப்பா, அவங்க மட்டும் ஏன் சத்தம் போடலாம்?" நான் சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கிறதா? "அவங்க வாடகை குடுக்குறாங்கலே. போ, சோலியப் பாரு." என் வாயால் சொன்னதிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

எனக்கும் உன் அம்மாவுக்கும் நடுவிலும் இதே கதைதான். நீ எட்டாவது படிக்கும்போது ஒரு ஸ்கூலிலிருந்து சிஸ்டர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஹாஸ்டலில் மேட்ரன் வேலை, உன் அம்மாவுக்குத் தருவதாகச் சொன்னார். அவள் வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருந்தாள். நான் யோசிக்கவேயில்லை. "அவளுக்கு இங்கயே சோலி சரியா இருக்கு சிஸ்டர்" என்று அனுப்பிவிட்டேன், அவளிடமும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது அதே சிஸ்டர் அவளிடம், "நீங்க வருவீங்கன்னு ரொம்ப எதிர்பார்த்தேன்மா" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் படுக்கை விரிப்புகளைக் கையில் சுமந்தபடி என் முன்னால் நின்றாள். மே மாதம், மூன்று ரூமும் நிறைந்திருந்தது. பலகையைப் பார்த்தாள். "சீசன் முடியட்டும், பேசிக்கலாம்" என்றாள். சீசன் முடிந்தது. பிறகு செகண்ட் சீசன் வந்தது, கிறிஸ்மஸ் வந்தது. ஆள் இல்லாத நாளில் களைத்துப்போய்ப் படுத்துவிடுவோம், பழைய விஷயத்தைக் கிளறுவானேன் என்றிருக்கும். அவள் அதைப் பேசவேயில்லை. எனக்குத் தப்பித்த நிம்மதி. அவள் என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, விருந்தாளியிடம் பேசுவதைப் போல மரியாதையாகப் பேசினாள். அதை நான் நல்ல தாம்பத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அதை நான் உன்னிடம் ஒருபோதும் வாய்விட்டு ஒப்புக்கொண்டதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். நீ மூன்று முறை போனில் கேட்டாய், "வரட்டுமாப்பா?" என்று. மூன்று முறையும் நான்தான், "வேண்டாம்லே. சும்மா டெஸ்ட்டுக்குத்தான் வச்சிருக்காங்க. வேலையக் கெடுத்துக்காத" என்றேன். டாக்டர் என்னிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். நீ வந்து நின்றுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன், வேறு காரணமே இல்லை. பதினோரு நாளும் கூடவே இருந்த செலின், "தம்பி எங்கப்பா? ஏன் இன்னும் வரல?" என்று கேட்டாள். அவளிடம், "லீவு கெடைக்கலையாம்" என்று பொய் சொன்னேன். அவள் என் மேல் பாய்ந்துவிடுவாளே என்று. கடைசிக்கு முந்திய நாள் எனக்குள் ஏதோ உடைந்தது. உன் அம்மாவின் காதருகே குனிந்து, "அந்த ஹாஸ்டல் வேலை... நான் உங்கிட்டக் கேட்டிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி தூங்க, அவள் மகள் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உன் அம்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டு விரலை லேசாகத் தூக்கி, "ஆள் இருக்கு. அப்புறம்" என்றாள். மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த அன்று வீடு நிறைய ஜனம். சமையலறையில் செலின் உன் முன்னால் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. "ஏம்லே வரல? அம்மா கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா. ஏம்லே வரல?" என்றாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இந்த வீட்டில் ஒரு சண்டை நேராகத் தொடங்கியது. நீ வாயைத் திறந்தாய். 'அப்பாதான் வேண்டாம்னார்' என்ற இரண்டு வார்த்தை போதும். நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன செய்தேன்? "வந்தவங்க இருக்காங்க. அப்புறம் பேசிக்கலாம், போங்க ரெண்டு பேரும்" என்றேன். நீ வாயை மூடிக்கொண்டாய். என்னைக் காப்பாற்றினாய், பழியை நீ சுமந்தாய். செலின் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி தம்ளர்களைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தாள். உனக்கு என் மேல் ஆத்திரம் வரவில்லையா? உன் அம்மாவை உயிரோடு கடைசியாகப் பார்க்கவிடாமல் செய்தவன் நான். ஒரு மகன் அதற்காக அப்பனின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நீ எனக்கு மாதாமாதம் மாத்திரை வாங்கி அனுப்புகிறாய்.

அதிலிருந்து நீங்கள் இருவரும் சண்டை போட்டதேயில்லை. யார் கேட்டாலும், "எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லியே" என்கிறீர்கள். குடும்ப குரூப்பில் பூப்படம் போட்ட குட் மார்னிங் தவறாமல் வருகிறது. கட்டிக்கொடுத்த ஆயக்குடியிலிருந்து செலின் எனக்குப் பஸ்ஸில் கொய்யாப்பெட்டி அனுப்பும்போது, நீ இங்கே இருந்தால் உன் பெயர் எழுதிய இன்னொரு பெட்டியும் வரும். நீ "தேங்க்ஸ் அக்கா" என்று அனுப்புவாய். அம்மாவின் முப்பதாம் நாள் பூசையில், சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திரும்பிக் கைகூப்பி, "சமாதானம்" என்று சொல்லிக் குனிந்தீர்கள். எவ்வளவு அழகாகக் குனிந்தீர்கள். எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது. போன வாரம் உன் பெண்சாதி சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "மாமா, இவரு என்னைய நாலு வார்த்தை திட்டினாக்கூடப் பரவால்லைங்க. கோவம் வந்தா கதவை மெதுவாச் சாத்துறாரு. அந்தச் சத்தந்தான் என்னால தாங்க முடியறதில்லைங்க." கதவை மெதுவாகச் சாத்தக் கற்றுக்கொடுத்தவனிடமே வந்து சொல்கிறாள், பாவம்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்ற ஒரு முறைக்காகச் சொல்கிறேன், ஜெசிக்காகக் கேள். அவள் கோபப்பட்டால் உடனே அணைக்கப் போகாதே, எரியட்டும். சாக்லேட்டோ வேறு சைக்கிளோ கொடுத்து வாயை அடைக்காதே. என்ன நடந்தது என்று அவள் வாயால் சொல்லவிடு, பிறகு அதை நீ திருப்பிச் சொல். அவள் "ஆமா, அதான்" என்று சொன்ன பிறகுதான் உன் கட்சியைப் பேச வேண்டும். தப்பு உன்னுடையது என்றால் எட்டு வயதுப் பிள்ளையிடம் "என் தப்பு" என்று சொல்வதில் உன் தலை ஒன்றும் கொய்யப்படாது. நாகர்கோவில்காரர் தலை அப்படியேதான் இருந்தது. உனக்கு ஆத்திரம் மீறினால் வெளியே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வா, ஆனால் எப்போது திரும்பி வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ, வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கு. "அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதே. உன் அம்மா சொன்ன "அப்புறம்" இன்னும் வரவில்லை. இனி வராது.

முந்தாநாள் நான் ஆயக்குடிக்குப் போனேன். வெள்ளனே கிளம்பிப் பழனி பஸ்ஸைப் பிடித்தேன், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். செலின் வீட்டு முற்றத்தில் கொய்யாப்பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். தம்பி வருகிறேன் என்றுதான் கேட்டான், தடுத்தது நான், லீவு கிடைக்கவில்லை என்றது பொய் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றுதான் போனேன். அவள் கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. பிறகு எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தட்டு. தட்டின் மேல் பூப்போட்ட துணி, சாசரில் கப், பக்கத்தில் இரண்டு பிஸ்கட். நம் வீட்டில் ரூமுக்கு வருகிறவர்களுக்கு அம்மா எப்படிக் காபி கொண்டு போவாளோ அதே மாதிரி. "சாப்பிடுங்கப்பா. பஸ்ஸுல வந்தது களைப்பா இருக்கும்" என்று சிரித்தாள். "உனக்கு ஒண்ணும் கேக்கத் தோணலையாம்மா?" என்றேன். "என்னத்தப்பா கேக்குறது. விடுங்க, முடிஞ்சு போச்சு" என்றாள். பெற்ற மகள் வீட்டில் நான் விருந்தாளியாக உட்கார்ந்து அந்தக் காபியைக் குடித்தேன். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கொய்யா கொடுத்தாள். பஸ்ஸில் நான் அழுததைப் பார்த்து பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவளை இழந்துவிட்டேன் என்று அன்று தெரிந்தது. உன்னை எப்போதோ இழந்திருக்கிறேன். ஆனால் என்னை ஆயக்குடிக்குப் பஸ் ஏற வைத்தது நீங்கள் இருவருமல்ல, ஜெசி. நீ கிளம்பிய திங்கட்கிழமை காலையில் நடந்ததை நான் இன்னும் உனக்குச் சொல்லவில்லை. நீயும் மருமகளும் காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஜெசி பின்னறைக் கட்டிலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சைக்கிள் போனதுல அப்பா மேல கோவமாம்மா?" என்று கேட்டேன். அவள் பலகையைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து, "தாத்தா, மெதுவா. ரூம்ல ஆள் இருக்காங்க" என்றாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீயா? யாருமே சொல்லித்தராமல் நான்கே நாளில் இந்தப் பலகையிலிருந்தே ஒட்டிக்கொண்டதா? "யாரும் இல்லம்மா, அவங்க நேத்தே போயிட்டாங்க" என்றேன். அவள் நம்பவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கையைப் பிடித்து ஒன்றாம் நம்பர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். வெறும் கட்டில், மடித்து வைத்த கம்பளி. பாத்ரூம் கதவையும் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டாள். "பாத்தியா, யாரும் இல்ல. இப்ப உனக்கு என்ன தோணுதோ சத்தமாச் சொல்லு. தாத்தா மட்டுந்தான் இருக்கேன்" என்றேன். ரூமின் நடுவில் நின்றாள். கையை முஷ்டியாக்கினாள், கண்ணை மூடினாள், வாயை முழுசாகத் திறந்தாள். அத்தனைக்கும் பிறகு வந்தது வெறும் காற்று. என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை. முட்டி போட்டு அவள் வாயருகே காதை வைத்தேன். "எங்கிட்டக் கேக்கவே இல்ல" என்று கிசுகிசுத்தாள். நீ வெளியே ஹாரன் அடித்தாய். கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை மாட்டிக்கொண்டு, "பை தாத்தா" என்று வெளியே போனாள்.

மகனே, அவள் சொன்னது உன் அம்மாவும் சொல்லாமல் போனதுதான். என்னால் யாருக்கும் இனி எதுவும் கற்றுத்தர முடியாது. எனக்கு அறுபத்தொன்பது வயது, தெரியாததைக் கற்றுத்தருவது எப்படி? நீயும் கற்றுத்தர மாட்டாய், உனக்கும் தெரியாது. அதனால் ஒன்று மட்டும் கேட்கிறேன். விமானம் ஏறுமுன் ஒரு நாள் ஜெசியைக் கூட்டிக்கொண்டு மேலே வா. அவளை நிற்க வைத்துக்கொண்டு, அவள் கண்ணெதிரே, "அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப என்னை ஏன் வரவேண்டாம்னீங்க?" என்று என்னைக் கேள். கத்திக் கேள். தெருவுக்குக் கேட்கட்டும். நான் பதில் சொல்கிறேன், பொய் சொல்லாமல். எல்லாம் முடிந்த பிறகு நான் உனக்குக் காபி போட்டுத் தருவேன், நீ அதை வாங்கிக் குடிக்க வேண்டும். ஒரு மனிதன் கத்திய பிறகும் அவன் வீட்டில் அவனுக்குக் காபி உண்டு என்பதை அவள் ஒரு தடவையாவது பார்த்துவிட்டுப் போகட்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம்.

வரமாட்டாய். "படிச்சேன்பா, ஃபீல் பண்ணாதீங்க" என்று எழுதுவாய். அப்படியே இருக்கட்டும். வாசலில் தொங்கிய 'ரூம் வாடகைக்கு' போர்டை நேற்றே கழற்றிவிட்டேன். பலகையையும் பெயர்க்கலாம் என்று கடப்பாரையை எடுத்து வந்து நின்றேன். முதல் ஆணியை நெம்பியதும் பெரிதாகச் சத்தம் வந்தது. பழக்க தோஷம், வீடு முழுக்கக் காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தும் கை தானாக நின்றுவிட்டது.

உன் கூச்சலுக்குக் காத்திருக்கும்,
அப்பா